நாணயம் விழுந்த பக்கம்

நெடுங்கேணி வீதி பிரியும் புளியங்குளம் சந்தியிலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். விவாதத் தலைப்பு: ‘யானை வேலியின் முழுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும்.’ யானை மிதித்த வயலைக் கண்டு வளர்ந்தவள் அவள். ஆனால் நாணயச் சுழற்சியில் அவளது அணிக்கு எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டது. ஆயத்தத்துக்கு 15 நிமிடம். அது முடியும்போது அவள் மனதில் என்ன நடந்திருக்கும்?

வாய் பேசும், உள்மனம் மாறாது என்றுதான் நினைப்போம். ஷ்வார்ட்மன், திரிபோடி, வான் டெர் வீலே என்ற மூன்று பொருளியலாளர்கள் சர்வதேச விவாதப் போட்டிகளில் இதைச் சோதித்து, 2022இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ இதழில் எழுதினார்கள். பக்கம் குலுக்கலில் வந்தது என்று பேச்சாளர் எல்லோருக்கும் தெரியும். தலைப்போடு ஒட்டிய தகவல்களைச் சரியாகக் கணித்தால் பணமும் உண்டு. அப்படியிருந்தும், பேச எழும்பும் முன்னரே அவர்களின் கணிப்புகள் தங்களுக்கு விழுந்த பக்கம் சாய்ந்துவிட்டன. விவாதம் முடிந்த பிறகும் இரு தரப்பும் நெருங்கி வரவில்லை.

மனித மூளை வாதாடுவதற்கென்றே காரணம் தேடப் பழகியது என்பது மேர்சியே, ஸ்பெர்பர் என்ற ஆய்வாளர் இருவரும் 2011இல் முன்வைத்த கொள்கை. தன் வாதத்தின் ஓட்டை அதற்கு எளிதில் தெரியாது. பிறர் வாதத்தை நிறுக்கச் சொன்னால் கூர்மையாகிவிடும். எனவே மேடையேற்றி மட்டும் பழக்குவது பாதிப் படிப்புத்தான். எங்கள் பாடசாலைகளில் பலகாலம் அந்தப் பாதியும் எழுதிக் கொடுத்ததை மனனம் செய்வதாகவே இருந்தது.

மற்றப் பாதி நடுவர் இருக்கை. பிரித்தானியப் பாராளுமன்ற முறையில் நான்கு அணிகள், அணிக்கு இருவர், ஆளுக்கு 7 நிமிடம். எந்த வாதத்துக்கு யார் பதில் சொன்னார், எது பதிலின்றி நின்றது என்று நடுவர் தாளில் நிரல்நிரலாகக் குறிப்பார். பிறகு நடுவர்கள் கூடிப் பேசி 3, 2, 1, 0 என்று வரிசைப்படுத்தி, காரணத்தை அணிகளின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். குரல்வளம் இங்கேதான் ஏமாற்றும். ஒரு நல்ல குணம் கண்ணில் பட்டால் மற்றக் குணங்களுக்கும் மதிப்பெண் ஏறிவிடுவதை, இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளோருக்கு இட்ட புள்ளிகளிலேயே உளவியலாளர் தோர்ண்டைக் 1920இல் காட்டினார்.

இந்தப் பயிற்சி தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலை முதலில் வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் கேட்கிறாள். காஞ்சியில்தான் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் வாதத்தின் குற்றங்களைப் படிக்கிறாள். காப்பியத்தின் 29ஆம் காதையில் பக்கப்போலி (நிறுவ வந்த கூற்றின் குற்றம்) 9, ஏதுப்போலி (காரணத்தின் குற்றம்) 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என்று 33 வருகின்றன. கண்ணுக்குத் தெரிவதால் ஒலி அழியக்கூடியது என்றால், அந்தக் காரணத்தை இரு தரப்புமே ஏற்காது. அது ஒரு போலி. ஒரு தரப்பு மட்டும் ஏற்கும் காரணமும் போலிதான்.

‘வேலி போட்டுக் கொடுத்தாலும் விவசாயி பராமரிக்க மாட்டான்’ என்று ஒருவர் சொன்னால் அது இந்த இரண்டாம் வகை. அவர் அதை நிறுவினாரா என்று நடுவர் பார்க்க வேண்டும். சான்று காட்டி நிறுவியிருந்து, எதிரணியும் அதைத் தொடாமல் விட்டிருந்தால் அது நிற்கும். நடுவர் இருக்கையில் நம் மாணவியே இருந்தாலும், எதிரணி சொல்லாத மறுப்பைத் தன் வயல் அனுபவத்திலிருந்து எடுத்து அவள் தாளில் எழுத முடியாது.