மூக்கைத் திருத்திய பிறகு நீவிவிடச் சொல்வது ஏன்?

காசு கொடுத்து, வலி பொறுத்து மூக்கைத் திருத்திக்கொண்டவர், சுமார் ஒரு வாரத்தில் கட்டுப் பிரித்ததும் ஆசையாகக் கண்ணாடி பார்க்கிறார். மூக்கு பழையதைவிடப் பெரிது!

பயப்பட ஒன்றுமில்லை, வீக்கம்தான். பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற அறுவை மருத்துவர் 1898-ல் ஒருவரின் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். அதன்பின் நுட்பங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. வீக்கம் மட்டும் தப்பாமல் வருகிறது.

எலும்பையும் குருத்தெலும்பையும் எட்ட, மேலே உள்ள தோலைத் தூக்கவேண்டும். அப்போது தோலடியில் இருக்கும் நுண்ணிய நிணநீர் நாளங்கள் அறுபடுகின்றன. காயம்பட்ட இடத்தில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. அதை வடிக்கவேண்டிய நிணநீர் நாளங்கள் அறுந்திருப்பதால், கசிந்தது எளிதில் திரும்பிப் போக வழியில்லை. மழை விட்டதும் வாசலில் தேங்கும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வடிகால் உடைந்திருந்தால், துடைப்பத்தால் அடுத்த வடிகாலுக்குத் தள்ளுவீர்கள் அல்லவா? விரலின் வேலையும் அதுதான். மெல்ல நீவும்போது, தேங்கிய நீர் சேதமடையாத நாளங்கள் பக்கம் நகர்கிறது.

எலும்பை வெட்டி நகர்த்தியிருந்தால், சில மருத்துவர்கள் இருபுறமும் விரலால் அழுத்தவும் சொல்வதுண்டு. எலும்பு இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அது இடம் விலகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆபத்தும் இங்கேதான்: இறுகாத எலும்பு, அளவுமீறிய உற்சாகத்துக்கும் நகர்ந்துகொடுக்கும். எங்கே, எவ்வளவு, எப்போது என்பதை அறுவை செய்தவரே சொல்லவேண்டும். எல்லோருக்கும் இது பரிந்துரைக்கப்படுவதும் இல்லை.

பெரும்பாலான வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். பிடிவாதக்காரி, மூக்கின் நுனி: முழுதாக வடிய ஓராண்டு ஆகலாம், தோல் தடித்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக.