முன்தோல் ஆபரேஷனும் வற்றத் தாமதிக்கும் வீக்கமும்



இவ்விதழில் நான் வழக்கமாக எழுதுவது மிளகாய் வற்றல் வரத்து, உளுந்து விலை, ஜி.எஸ்.டி. கணக்கு போன்ற விஷயங்கள்தான். இம்முறை எழுதப்போவது கல்லாவில் உட்கார்ந்து நாலு பேர் முன்னால் பேச முடியாத விஷயம். சென்ற மாதம் மளிகைக்கடை நண்பர் ஒருவர் என் மண்டிக்கு வந்தார். சரக்கு ஏற்றிய பிறகும் போகாமல் நின்றார். பையன்கள் சாப்பிடப் போன பின்பு, "அண்ணாச்சி, உங்களுக்கும் அந்த ஆபரேஷன் ஆச்சாமே, எத்தனை நாளில் வீக்கம் வத்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு ஆபரேஷன் ஆகி இருபத்தைந்து நாள். வீக்கம் அப்படியே இருக்கிறதே என்று பயம், மறுபடி டாக்டரிடம் காட்டக் கூச்சம். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ என்றுதான் கூச்சத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

ஆண்குறியின் முன்தோலை நீக்குவதைத்தான் சொல்கிறேன். முஸ்லிம் சகோதரர்கள் சுன்னத் என்பார்கள். சிறு வயதிலேயே செய்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இது தேவைப்படுகிறதென்றால், அதற்கு ஒரு முக்கியக் காரணம் சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சிறுநீரிலும் இறங்குகிறது. அந்த ஈரம் தோலுக்கு அடியில் தங்கினால் காளான் வகைக் கிருமிக்குக் கொண்டாட்டம். முதலில் அரிப்பு, பிறகு தோலின் ஓரத்தில் வெடிப்பு. வெடிப்பு ஆறி ஆறித் தழும்பாகி, சாக்கு வாயைச் சுருக்கிக் கட்டியதுபோல் தோல் இறுகிவிடுகிறது. அதுவரை தாராளமாகப் பின்னால் போய்வந்த தோல் நடு வயதில் இறுகினால், முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்பை ஆறு மாதம் தடவினேன். கடைசியில் 59 வயதில் டாக்டரிடம் போனபோது வெறும் வயிற்றில் 238 இருந்தது. எனக்குச் சர்க்கரை என்பதே அன்றுதான் தெரியும்.

டாக்டர் உடனே கத்தியை எடுக்கவில்லை. எச்.பி.ஏ.1சி என்ற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் 9.8 வந்தது. மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் கொடுத்து, அது எட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே ஆபரேஷன் செய்தார். அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி, முக்கால் மணி நேரம், தானே கரையும் தையல், மாலையில் வீடு. வெட்டிய தோலையும் பரிசோதனைக்கு அனுப்பினார். நாள்பட்ட இறுக்கத்தில் அபூர்வமாகப் புற்று ஒளிந்திருக்குமாம்; எனக்கு இல்லை என்று வந்தது.

இனி வீக்கத்துக்கு வருவோம். பக்கத்துக் கடை பாய், "எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து நாளில் ஆறிடுது, உங்களுக்கு என்ன அண்ணாச்சி ஒரு மாசமா நடக்கிறீங்க!" என்று கேலி செய்வார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பெரியவர்களுக்கு வெட்டும் சுற்றளவு அதிகம், தையல் அதிகம். தூக்கத்தில் தானாக ஏற்படும் விறைப்பு ஒவ்வொரு இரவும் தையலை இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோலுக்கு அடியில் நீரை வடித்துச் செல்லும் நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் வட்டமாக அறுபடுகின்றன. தெருவில் சாக்கடை வாய்க்காலை வெட்டிப் போட்டால் புது வாய்க்கால் அமையும் வரை தண்ணீர் தேங்கத்தானே செய்யும்? அந்த இடத்துத் தோலும் தளர்வானது. தொங்கும் இடமும் கூட. அதனால்தான் தையலுக்கு முன்புறம், குறிப்பாகக் கீழ்ப்பக்கத்தில், வளையம்போல் வீங்கி நிற்கிறது.

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் கூடும், பிறகு இறங்கும். தையல் இரண்டு மூன்று வாரத்தில் உதிரும். புண்மேல் மஞ்சளாக ஒரு படலம் படியும். அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டக் கூடாது. மேல் புண் மூட நாலு முதல் ஆறு வாரம். தாம்பத்தியத்துக்கு ஆறு வாரம் தடை என்று சொல்வது இதனால்தான். வீக்கத்தின் மிச்சம் சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். வலி குறைந்துகொண்டே வந்து, வாரத்துக்கு வாரம் வீக்கமும் கொஞ்சமாவது இறங்கினால் பயப்பட வேண்டியதில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு நீளும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கிப் போவதால் புண்ணுக்குச் சேர வேண்டிய சரக்கு சேராது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் மந்தமாகும். பீடி சிகரெட் பழக்கமும் இதே வேலையைச் செய்கிறது.

என் தாமதத்துக்கு நானும் காரணம். வெள்ளிக்கிழமை வரத்தை விட மனமில்லாமல் நாலாம் நாளே மண்டிக்குப் போய்ப் பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். லாரி வந்ததும் பழக்கதோஷத்தில் மூட்டைக்குத் தோள் கொடுத்தேன். இரவில் ஒரு தையல் விட்டு, வீக்கம் இரட்டிப்பாகிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று மஞ்சள் தூளும் வைத்தேன். நம் கடைச் சரக்குதான், ஆனால் சாக்கிலும் அரவை மில்லிலும் புரண்டு வந்த தூள் புண்ணில் வைக்கத் தக்கதா என்று மற்றவரைவிட நமக்கே நன்றாகத் தெரிய வேண்டும். கிருமிநாசினித் திரவத்தை நீர் கலக்காமல் ஊற்றுவதும் புதுச் சதையைச் சுட்டுவிடும். மிளகாய், மிளகுச் சரக்கு தொடுகிறவர்கள் சிறுநீர் கழிக்கும் முன்பே கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை; பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பலன் தந்தவை எளியவைதான். இறுக்கமான ஜட்டிக்குள் உறுப்பை வயிற்றுப் பக்கமாக மேல்நோக்கி வைத்தால் தேங்கிய நீர் இறங்குகிறது. பகலில் இரண்டு முறை அரை மணி நேரம் படுப்பது, வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைப்பது, மூன்று வாரம் மூட்டை தொடாதது, சர்க்கரையை வாரம் ஒரு முறை பார்ப்பது. எனக்கு முழுதாக வற்றப் பத்து வாரம் ஆயிற்று.

ஆனால் குறைந்த வலி மறுபடி கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, நாற்றமுள்ள சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தோல் கறுத்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே ஓட வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு அபூர்வமாக அந்தப் பகுதிச் சதை வேகமாக அழுகும் நோய் வரும். அது உயிருக்கே ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை என்றாலும், இந்த அரிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல், அரிப்பைச் சொல்லி டாக்டரின் யோசனை கேட்க வேண்டும்.

மண்டிக்கு வந்த நண்பரை அன்று மாலையே அவருடைய டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். சீழ் எதுவும் இல்லை, தேங்கிய நீர்தான் என்றார். சர்க்கரைதான் 260 இருந்தது, மாத்திரையை மாற்றினார். இப்போது எட்டாவது வாரம். கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு கொத்தமல்லி அளவுக்குத் தடிப்பு இருக்கிறதாம். தினமும் கடை சாத்தும்போது போன் செய்து சொல்கிறார்.