காய்ந்த கலயத்தில் காத்திருக்கும் ஈஸ்ட்

கலயத்தைக் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் பாளையில் கட்டினோம், பிறகும் அக்கானி புளித்துவிட்டதே என்பது பனை சீசனில் குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. புளித்த அக்கானியைக் காய்ச்சினால் பாகு சரியாக இறுகாது. விறகும் போச்சு, ஒரு நாள் பாடும் போச்சு. பழி பனையின் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் காரணம் கலயத்தின் உட்சுவரில்தான் இருக்கிறது.

அக்கானியைக் கள்ளாக்குவது ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உயிர். (புளிப்பில் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு.) இனிப்பு நிறைய இருக்கும்போது ஈஸ்ட் அதைத் தின்று சாராயச் சத்தும் கரியமில வாயுவும் ஆக்கிப் பெருகும். இனிப்பு தீரும் தறுவாயில், மிச்சத்தை உடலுக்குள் இருவகையாகச் சேமிக்கும். ஒன்று கிளைக்கோஜன், மாவுச்சத்துபோல குளுக்கோஸ் பல கோத்த சங்கிலி. இதைப் பத்தாயத்து நெல் எனலாம். மற்றது டிரெகலோஸ், இரண்டே குளுக்கோஸ் இணைந்த சர்க்கரை.

டிரெகலோஸின் வேலை பசிக்கு உதவுவது மட்டுமல்ல. ஈஸ்ட் உலரும்போது, போகிற தண்ணீரின் இடத்தில் இது நின்று செல்லின் சவ்வும் புரதங்களும் சிதையாமல் காக்கிறது. சூடு பட்டாலும் ஈஸ்ட் இதைக் கூடுதலாகத் தயாரித்துக்கொள்ளும். செல்லின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் டிரெகலோஸ் சேர்வதுண்டு. அதனால்தான் வெயிலில் காய்ந்த கலயத்திலும் அது சாவதில்லை. மறுபடி இனிப்புச் சாறு பட்டதும், டிரெகலேஸ் என்ற நொதி சில நிமிடங்களில் முடுக்கம் பெற்று இந்தச் சேமிப்பைக் குளுக்கோஸாக உடைக்கிறது. ஈஸ்ட் மீண்டும் பெருகத் தொடங்குகிறது.

ஆப்பத்துக்குக் கடையில் வாங்கும் உலர் ஈஸ்ட்டும் இந்தப் பலத்தில்தான் பொட்டலத்தில் மாதக்கணக்கில் கிடக்கிறது. அதை வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் போட்டால் சவ்வு சீராகுமுன் உள்சத்து கசிந்து, மாவு பொங்குவது குறையும்.

அங்கே நமக்கு வேண்டிய குணம், கலயத்தில் வேண்டாத குணம். உலர்ந்த ஈஸ்ட் சூட்டையும் தாங்கும். நனைந்தது அவ்வளவு தாங்காது. எனவே பழைய பிசுக்கைத் தேய்த்துக் கழுவி, கலயம் ஈரமாக இருக்கும்போதே கொதிநீர் ஊற்றி அலசுங்கள். மண் கலயத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருப்பவற்றுக்கு மேல்தேய்ப்பு போதாது. அதன்பின் சுண்ணாம்பு. சுண்ணாம்பின் காரத்தன்மைதான் ஈஸ்ட்டை அடக்குகிறது. காற்றுபட்டுப் பழகிய சுண்ணாம்பு சுண்ணாம்புக்கல்லாக மாறி அந்தக் காரத்தை இழந்துவிடும். முந்தைய பூச்சு வெள்ளையாகத் தெரிகிறதே என்று நம்பி விடாமல், கட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூச வேண்டும். இறக்கியதை வடிகட்டித் தாமதமில்லாமல் அடுப்பேற்றுங்கள்.