விக்டோரியாவில் கப்பல் ஏன் நிற்கிறது? அலாஸ்கா பயணம் பற்றி சில குறிப்புகள்

அலாஸ்கா கப்பலின் அட்டவணையை முதல் தடவை பார்த்தபோது ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. சியாட்டிலில் ஏறுகிறோம். ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிக்கன் என்று சுற்றுகிறோம். கடைசி நாள் ராத்திரி கனடாவின் விக்டோரியாவில் நாலு மணி நேரம் நிற்கிறோம். போய்ச் சேருவதே எட்டு மணிக்கு, கடையெல்லாம் மூடுகிற நேரம். விடிந்தால் திரும்ப சியாட்டில். இப்படி ஒரு நிறுத்தத்தை யார் யோசித்து வைத்தார்கள்?

வேடிக்கையான கேள்வி என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதில் தெரியாமல் இருந்ததால், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவின் பயணமே நின்றுபோகப் பார்த்தது.

பதில் 1886-ல் இருக்கிறது. அமெரிக்கா அந்த வருஷம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி, அமெரிக்காவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டுமென்றால் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டதாக, அமெரிக்கர்களுக்குச் சொந்தமானதாக, அமெரிக்கக் கொடி பறப்பதாக இருக்க வேண்டும். உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பாற்றப் போட்ட சட்டம். இன்றைய பெரிய சுற்றுலாக் கப்பல்கள் ஐரோப்பாவில் கட்டப்பட்டு பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. அவை சியாட்டிலில் ஆள் ஏற்றி, அலாஸ்காவைச் சுற்றிக் காட்டி, மறுபடி சியாட்டிலில் இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். விக்டோரியாவில் அந்த நாலு மணி நேரம் அதற்காகத்தான். தொடாமல் வந்தால் ஒவ்வொரு பயணிக்கும் அபராதம்.

சட்டத்துக்கு எவ்வளவு பலம் என்று 2021-ல் தெரிந்தது. கொரோனா காரணமாகக் கனடா தன் துறைமுகங்களைக் கப்பல்களுக்கு மூடிவிட்டது. அமெரிக்காவுக்குள்ளேயே நடக்கிற அலாஸ்கா பயணம் அப்படியே முடங்கியது. அந்த மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாக ஒரு தனிச் சட்டம் போட்ட பிறகுதான் கப்பல் கிளம்பியது. ஹவாயில் மட்டும் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' என்று ஒரு பெரிய கப்பல் வாராவாரம் எந்த வெளிநாட்டையும் தொடாமல் சுற்றுகிறது. காரணம், அது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்.

இனி எங்கள் கதை. என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. கிரீன் கார்டும் இந்திய பாஸ்போர்ட்டும் இருந்தால் கனடாவுக்குள் போக விசா வேண்டாம். எனக்கு வேண்டாம் என்பதால் வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று மனசு தானாகவே முடிவு பண்ணிவிட்டது. அப்பா அம்மா வந்திருந்தது அமெரிக்கச் சுற்றுலா விசாவில். அவர்களுக்குக் கனடா விசா கட்டாயம். டிக்கெட் விற்றவரைக் கேட்டதற்கு, "விக்டோரியாவுல இறங்காம கப்பல்லயே இருந்துட்டா போதுங்க" என்றார். அது தப்பு. நீங்கள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கப்பல் கனடாவுக்குள் போகிறது. பேப்பர் சரியில்லை என்றால் சியாட்டிலிலேயே ஏற்ற மாட்டார்கள். கட்டிய பணமும் திரும்பி வராது.

இது தெரிய வந்தபோது முழுப் பணத்தையும் கட்டியாகிவிட்டது, ரத்து செய்தால் பாதிக்கு மேல் போய்விடும் என்ற கட்டம். இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, பாஸ்போர்ட்டை விசா மையத்துக்கு அனுப்பி, தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தது. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. பெற்றோரை வரவழைத்து இந்தப் பயணம் போகிற எண்ணம் இருந்தால், அவர்கள் ஊரில் இருக்கும்போதே கனடா விசாவையும் எடுத்து வரச் சொல்லிவிடுங்கள். விசாவுக்கு ஆளுக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85, குடும்பமாக விண்ணப்பித்தால் கைரேகைக் கட்டணம் மொத்தம் 170. பெரிய தொகை இல்லை. நேரம்தான் பிரச்சினை.

அடுத்தது அறை. அலாஸ்கா என்றாலே இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆடாத தண்ணீர் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பலுக்கு அது பெரும்பாலும் உண்மை. வான்கூவர் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவில் புகுந்து போகும். சியாட்டில் கப்பல்கள் பொதுவாக அந்தத் தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த பசிபிக்கில் போகின்றன. முதல் ராத்திரியும் அடுத்த நாளும் ஆட்டம் இருக்கும். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்கு விழும் அடி நடு சீட்டில் இருப்பவருக்கு விழாது, இல்லையா? அதே கணக்குதான். கப்பலின் மூக்கும் வாலும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அதிகம் அசையாது. உயரம் கூடக்கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆகவே நடுவில், கீழ்த்தளத்தில் அறை. "எந்த அறை என்று நாங்கள் முடிவு செய்வோம்" என்று மலிவாக விற்கும் டிக்கெட்டை, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வாங்காதீர்கள்.

பால்கனி வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் மெதுவாக ஒரு முழுச் சுற்று திரும்பும். அதனால் இடது பக்கமா வலது பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல காட்சி மேல்தளத்தில்தான். ஆனால் குளிரில் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் பால்கனிக்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை அறைக்குள் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அட்டவணையில் அந்தப் பெயர் இருக்கிற கப்பலைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

மருந்து விஷயத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவை அறைக்கு வந்து சேர சாயங்காலம், சில சமயம் ராத்திரி ஆகிவிடும். அப்பாவின் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பெரிய பெட்டிக்குள்! மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரைக்காக ராத்திரி எட்டு மணி வரை காத்திருந்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர், எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கடல் நோய்க்கு மாத்திரை எடுப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்குமுன் எடுக்க வேண்டும். தூக்கம் வரும். புராஸ்டேட் தொந்தரவோ கிளாக்கோமாவோ உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. காப்பீடு எடுத்திருந்தால் அது நடுக்கடலுக்கும் கனடாவுக்கும் செல்லுமா, ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் செலவு தருமா என்று எழுத்தில் படித்துப் பாருங்கள்.

கிளம்புகிற நாள் ஆபத்துக்காலப் பயிற்சி ஒன்று உண்டு. பலர் அலுத்துக்கொள்வார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம்தான் ஏறியிருந்த பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015-லிருந்து கிளம்பும் முன்பே, அல்லது கிளம்பிய உடனே நடத்தியாக வேண்டும். உங்கள் கூடும் இடம் எது என்று ஒரு தடவை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். பெரியவர்கள் எந்தப் படிக்கட்டில் இறங்குவார்கள் என்பதையும்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. சியாட்டிலில் கப்பல் நிலையம் இரண்டு, பியர் 66, பியர் 91. டாக்சிக்காரரிடம் "கப்பல் நிலையம்" என்று மட்டும் சொன்னால் போதாது. வெளியூரிலிருந்து விமானத்தில் வருபவர்கள் முந்தின நாளே வந்துவிடுவது நல்லது. அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். போன் ஒரு நேரம் காட்டும், கப்பல் இன்னொரு நேரத்தில் இருக்கும். திரும்பி ஏற வேண்டியது கப்பல் நேரப்படி. கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாக ஏற்பாடு செய்துகொண்டு போனால் காத்திருக்காது. ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது என்பதால், தவறவிட்டால் விமானம்தான். கெச்சிக்கனில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்கு. குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு உதவும். மழை குறைவாக வேண்டுமென்றால் மே மாதம் போங்கள். விளம்பர விலையில் துறைமுக வரி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் எல்லாம் அடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கை கழுவ சோப்புதான் போட வேண்டும். கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாகப் பயப்படாது.

"ஏம்மா, தயிர்சாதம் கிடைக்குமா?" என்பதுதான் அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. கிடைக்கும். பஃபேயில் வெறும் சாதமும் சர்க்கரை போடாத தயிரும் இருந்தது. ஊறுகாய் மட்டும் நம் கையில் இருக்க வேண்டும். பிரிக்காத பாக்கெட்டை விடுவார்கள். வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலும் விட மாட்டார்கள். ரைஸ் குக்கரைப் பார்த்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சைவம் என்று முன்பதிவின்போதே எழுதிவிட்டு, முதல் ராத்திரி சாப்பாட்டுக்கூடத்தில் பொறுப்பாளரிடம் நேரில் ஒரு தடவை சொன்னால், மறுநாளிலிருந்து பருப்பு வந்துவிடும்.

விக்டோரியாவில் நாங்கள் இறங்கினோம். இவ்வளவு பாடுபட்டு விசா வாங்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஷட்டில் பஸ் பிடித்து உள்துறைமுகத்துக்குப் போனோம். அங்கே மாகாணப் பேரவைக் கட்டடத்தின் விளிம்பெல்லாம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பல்புகள் எரிகின்றன. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாக, "ரெண்டு பேருக்கும் சேர்த்து 370 டாலர்" என்றார். பஸ்ஸுக்கு வரிசை நீளமாக இருந்தது. பத்தரை மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம்.