உலர்தூள் முறையில் தரைவிரிப்புத் துப்புரவு

உலர்தூள் துப்புரவு என்பது, சற்றே ஈரமான உறிஞ்சுதூளைத் தரைவிரிப்பின் (கார்பெட்டின்) மீது தூவி, தூரிகை இயந்திரத்தால் இழைகளுக்குள் தேய்த்து, அழுக்கை ஏற்றுக்கொண்ட தூளை வேக்குவம் கருவியால் உறிஞ்சி எடுக்கும் முறையாகும். துப்புரவுத் தொழிலில் இதை 'ட்ரை காம்பவுண்ட்' என்றும், பேச்சு வழக்கில் 'பவுடர் கிளீனிங்' என்றும் சொல்வர். அமெரிக்காவின் ஐ.ஐ.சி.ஆர்.சி. அமைப்பு தொழில்முறைத் தரைவிரிப்புத் துப்புரவுக்காக வெளியிடும் எஸ்100 தரநெறி, வெந்நீர் உறிஞ்சல், சுழல் ஷாம்பு போன்றவற்றுடன் இதையும் ஒரு முறையாக ஏற்றுள்ளது.

பெயரில் 'உலர்' என்று இருந்தாலும் தூள் முற்றிலும் உலர்ந்ததன்று. செல்லுலோஸ் போன்ற நுண்துளையுள்ள துகள்களில் நீர், அழுக்கு நீக்கி, சிறிதளவு கரைப்பான் ஆகியவை ஊறியிருக்கும். ஒவ்வொரு துகளும் ஒரு சிறு பஞ்சு போலச் செயல்படுகிறது. கரைப்பானும் அழுக்கு நீக்கியும் இழையில் ஒட்டிய பிசுக்கைத் தளர்த்த, துகள் அதைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. விரிப்பின் அடிப்பகுதி நனைவதில்லை. அதனால் கடைசி வேக்குவம் முடிந்த சிறிது நேரத்திலேயே அறையைப் பயன்படுத்தலாம். இந்த முறைக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கான முதற்காரணமும் அதுவே.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் தேவை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களும், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடமும் தமிழ்நாட்டின் பெரிய உற்பத்தி மையங்களாக வளர்ந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. இவற்றைச் சுற்றி உதிரிபாக நிறுவனங்களும் மின்னணு ஆலைகளும் விடுதிகளும் பெருகின.

இத்தகைய ஆலைகளின் உற்பத்திக் கூடங்களில் பொதுவாக எப்பாக்சி பூச்சுத் தரையே இருக்கும், கார்பெட் இருக்காது. நிர்வாகக் கட்டடம், கூட்ட அறை, பயிற்சிக் கூடம், வெளிநாட்டுப் பொறியாளர்கள் தங்கும் விடுதி ஆகிய இடங்களில்தான் விரிப்பு உண்டு. அவற்றிலும் பெரும்பாலும் 50 செ.மீ. சதுர நைலான் கார்பெட் டைல்களே பதிக்கப்படுகின்றன. ஆனால் உற்பத்திக் கூடத்தில் நடந்த அதே பாதுகாப்புக் காலணிதான் கூட்ட அறைக்கும் வருகிறது. எண்ணெய்ப் பிசுக்கு, உலோகத் துகள், சரக்குந்துகள் கிளப்பும் சாலைப் புழுதி ஆகியவை அதனுடன் வருகின்றன. எண்ணெய் இழையில் படிகிறது. புழுதி அந்த எண்ணெயில் ஒட்டுகிறது. வாசலிலிருந்து கூட்ட அறைவரை கறுத்த நடைத்தடம் உருவாவது இப்படித்தான். வாசலில் நீளமான மிதியடி விரித்து அதை வாரந்தோறும் மாற்றினால் துப்புரவுச் செலவே கணிசமாகக் குறையும். கொட்டேஷன் கேட்கும் நிறுவனங்கள் பல இதை யோசிப்பதில்லை. துப்புரவு ஒப்பந்ததாரரும் அதைத் தானாகச் சொல்லப்போவதில்லை.

முறையைத் தேர்ந்தெடுத்தல்

வெந்நீர் உறிஞ்சல் முறையில் விரிப்பின் ஆழத்திலுள்ள அழுக்கும் கழுவப்படும். ஆனால் உலர்வதற்குப் பல மணி நேரம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும். சனிக்கிழமை மாலை விரிப்பை நனைத்துவிட்டு, மின்சாரத்தை மிச்சப்படுத்த ஏ.சி.யை நிறுத்திக் கதவைப் பூட்டிச் சென்றால், திங்கட்கிழமை காலை பூசண வாடைதான் வரவேற்கும். டைலின் ஓரங்கள் பெயர்வதும் உண்டு. அந்த மாதங்களில் உலர்தூள் முறை தெளிவான தேர்வாகும். மூன்று ஷிஃப்டும் ஆள் இருக்கும் கட்டுப்பாட்டு அறை, அடுத்தடுத்து வகுப்பு நடக்கும் பயிற்சிக் கூடம், விருந்தினர் வந்து போய்க்கொண்டிருக்கும் விடுதி அறை ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் இதுவே பொருந்தும்.

பொருந்தாத இடங்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் போலத் தண்ணீர் புகுந்து ஊறிய விரிப்பில் தூள் தூவிப் பயனில்லை. அங்கே நீரை உறிஞ்சி எடுத்துக் காயவைப்பதும், அழுகியவற்றை அகற்றுவதுமே வழி. தேநீரும் சர்க்கரையும் அடிவரை இறங்கிக் காய்ந்த இடங்களிலும் தூள் மேற்பரப்பை மட்டுமே வெளுக்கும். நீண்ட இழை கொண்ட விரிப்புகளில் துகள்கள் சிக்கிக்கொள்ளும். சர்வர் அறைக்கு அருகிலும், துகள் கட்டுப்பாடுள்ள மின்னணு உற்பத்திப் பகுதிக்கு அருகிலும் தூளைத் தூவவே கூடாது. பவானி ஜமுக்காளம் போன்ற தட்டை நெசவு விரிப்புகளில் தூள் தங்குவதற்குக் குத்திழையே இல்லை. எனவே அவற்றுக்கு இந்த முறை தேவையில்லை.

நடைமுறையில் இரண்டையும் கலந்து திட்டமிடுவது நல்லது. ஆயுத பூசைக்கு முந்தைய வாரத்தில் ஆலைகள் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவும். துப்புரவு நிறுவனங்களுக்கு ஆள் கிடைப்பதே அப்போது அரிது. மழை தொடங்கும் அந்த நேரத்தில் தூள் முறையை வைத்துக்கொண்டு, ஆழமான வெந்நீர்த் துப்புரவைப் பொங்கல் விடுமுறைக்குத் தள்ளலாம். மழை ஓய்ந்திருக்கும், தொடர்ந்து சில நாள் அறைகளும் காலியாக இருக்கும். விரிப்பை விற்ற நிறுவனத்தின் உத்தரவாதச் சீட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எந்த முறையில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்ய வேண்டும் என்று சில நிறுவனங்கள் அதிலேயே நிபந்தனை விதிக்கின்றன.

வேலையின் படிகள்

முதற்படி வேக்குவம். விரிப்பிலுள்ள அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த மண்ணும் துகளும்தான். அவற்றை முதலில் எடுக்காமல் ஈரத்தூளைத் தூவினால், தூள் அந்த மண்ணை உறிஞ்சியே தன் திறனை இழந்துவிடும். பிசுக்கு அப்படியே இருக்கும். தொடர்ந்து கறைகளுக்குத் தனி மருந்து இடப்படுகிறது. அடுத்துத் தூளைச் சீராகத் தூவி, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளைத் தூரிகைகள் கொண்ட இயந்திரத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் ஓட்டுவர். தூள் தன் வேலையைச் செய்யச் சிறிது நேரம் விட்டு, இறுதியாக மீண்டும் வேக்குவம் போடுவர். இந்தக் கடைசி வேக்குவம் அவசரமாக முடிந்தால், மறுநாள் மேசைக் கால்களைச் சுற்றி வெள்ளைத் தூள் தெரியும். எஞ்சிய தூள் புதிய அழுக்கையும் பிடித்துக்கொள்ளும்.

விலைக் கணக்கு

இத்தொழிலில் விலை சதுர அடிக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. அந்த ஒற்றை எண் எதையும் சொல்வதில்லை என்பதுதான் வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது. 6,000 சதுர அடி (ஏறத்தாழ 557 சதுர மீட்டர்) விரிப்புள்ள ஒரு நிர்வாகத் தளத்தை எடுத்துக்கொள்வோம். கீழுள்ள எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை; சந்தை விலைகள் அல்ல.

முன் வேக்குவத்துக்கு 3 ஆள்மணி, கறை நீக்கவும் நாற்காலிகளை நகர்த்தவும் 3, தூவித் தேய்க்க 6, பின் வேக்குவத்துக்கு 4, நான்கு பேர் வாயிற்சோதனை முடித்து இயந்திரங்களை இறக்க 4 என மொத்தம் 20 ஆள்மணி. வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ., போனஸ், விடுப்பு எல்லாம் சேர்த்து மணிக்கு ரூ.150 என்றால் கூலி ரூ.3,000. மேற்பார்வை ரூ.1,500. சதுர மீட்டருக்கு 90 கிராம் வீதம் தூள் 50 கிலோ, கிலோ ரூ.250 என்றால் ரூ.12,500. இயந்திரத் தேய்மானம் ரூ.1,500, வண்டி ரூ.2,500. ஆக அடக்கம் ரூ.21,000. நிர்வாகச் செலவும் லாபமுமாக 20 விழுக்காடு சேர்த்தால் ரூ.25,200, அதாவது சதுர அடிக்கு ரூ.4.20. இதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.

இப்போது ஒருவர் ரூ.2.50க்குச் செய்வதாகக் கொட்டேஷன் தருகிறார் என்று கொள்வோம். அவருக்கு வருவது ரூ.15,000, அடக்கத்தைவிட ரூ.6,000 குறைவு. கூலியை முழுவதுமாக நிறுத்தினாலும் ரூ.3,000தான் மிஞ்சும். தூளைப் பாதியாக்கினால் ரூ.6,250 மிஞ்சும், கணக்கு சரியாகிவிடும். விலை குறைந்தால் முதலில் குறைவது தூளே என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. கூலி உயர்ந்த நாடுகளில் ஆள்மணிதான் பெருஞ்செலவு. இந்தக் கணக்கில் தூள்தான் பெருஞ்செலவு. ஆகவே அந்நாடுகளின் விலைப்பட்டியலைப் பார்த்து இங்கே பேரம் பேசுவது வழிதவறச் செய்யும்.

முன் வேக்குவத்தின் கதை வேறு. மேற்கண்ட கணக்கில் அதன் செலவு 3 மணிக்கு ரூ.450 மட்டுமே. ஆயினும் அதிகமாகத் தவிர்க்கப்படுவது அதுதான். காரணம் பணமன்று, நேரம். மாலை 6 மணிக்கு வரச் சொல்லப்பட்ட ஆட்கள் நுழைவுச்சீட்டு, பாதுகாப்பு விளக்கம், இயந்திரப் பதிவு எல்லாம் முடிந்து 8 மணிக்குத்தான் தளத்தை அடைகிறார்கள். கடைசி வண்டி இரவு 12 மணிக்குப் புறப்பட வேண்டும். எனவே நேரடியாகத் தூளைத் தூவிவிடுகிறார்கள். வாங்கும் நிறுவனமே முந்தைய ஷிஃப்டில் தன் ஹவுஸ்கீப்பிங் ஆட்களைக் கொண்டு வேக்குவம் போட்டுவைப்பதாக ஒப்புக்கொண்டால், வேலையும் நன்றாகும், விலையும் சற்று இறங்கும்.

தூளைக் குறைக்க முடியாத ஒப்பந்ததாரர் கை வைக்கும் அடுத்த இடம் தொழிலாளியின் உரிமைகள். சட்டப்படி முதலாளி செலுத்த வேண்டியவை வைப்புநிதிக்கு 12 விழுக்காடும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடும் ஆகும். போனஸ் குறைந்தது 8.33 விழுக்காடு. மாதச் செலுத்துச்சீட்டுகளைப் பில்லுடன் கேட்டு வாங்கும் நிறுவனங்களில் இந்தத் தொகை தொழிலாளிக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஒப்பந்ததாரர் செலுத்தத் தவறினால் பொறுப்பு முதன்மை நிறுவனத்தின் மீதும் விழும் என்பதால் இது கருணைக்காகச் செய்ய வேண்டிய வேலையும் அன்று.

கொட்டேஷனில் இருக்க வேண்டியவை

பரப்பளவு என்பது அறையின் அளவா, விரிப்பு வெளியே தெரியும் அளவா என்பதில் தொடங்கித் தகராறு வருவதுண்டு. நிலையான அலமாரிகளின் அடியைக் கழித்து, இரு தரப்பும் சேர்ந்து அளந்து கையெழுத்திடுவது நல்லது. தூள் எத்தனை கிலோ என்பதை எண்ணாகவே எழுத வேண்டும். அதைச் சரிபார்க்க எளிய வழி ஆலையின் வாயிலிலேயே இருக்கிறது: உள்ளே வரும் மூட்டைகள் நுழைவுச்சீட்டில் பதிவாகும், வேலை முடிந்ததும் காலி மூட்டைகளை எண்ணிக்கொள்ளலாம். வேதிப்பொருள் பாதுகாப்புத் தாளை முன்கூட்டியே அனுப்பாவிட்டால் மூட்டைகள் வாயிலிலேயே நின்றுவிடும். அழுக்கேறிய தூளை யார் எடுத்துச் செல்வது, ஞாயிறு அல்லது இரவு வேலைக்குக் கூடுதல் தொகை உண்டா, குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வண்டி வர வேண்டிய இடத்தில் 500 சதுர அடிக் கூட்ட அறையை மட்டும் அதே சதுர அடி விலைக்குச் செய்ய எவராலும் இயலாது.

வாடிக்கை நிறுவனம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருந்து, சேவை அங்கே அனுமதிக்கப்பட்ட செயற்பாடுகளுக்கானதாக இருந்தால், அது பூச்சிய வரி வழங்கலாகும். ஒப்பந்ததாரர் எல்.யு.டி. எனப்படும் உறுதிப் பத்திரம் கொடுத்து ஜி.எஸ்.டி. இல்லாமல் பில் போடலாம். இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடும்போது ஒன்று வரியுடனும் மற்றது வரியின்றியும் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நிகழும் பிழை.

பணம் எப்போது வரும் என்பதும் விலையின் ஒரு பகுதியே. தூளை ரொக்கத்துக்கு வாங்கிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கும் சிறு நிறுவனம் அந்த வட்டியை விலையில் ஏற்றும், இல்லையேல் தூளில் குறைக்கும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதிய காலத்துக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேற்படாமல், பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு.

வேலையைச் சோதித்தல்

முழுத் தளத்தையும் ஒப்படைக்கும் முன் ஒரே கூட்ட அறையைப் பாதியாகப் பிரித்துச் செய்து பார்ப்பது வழக்கம். மறைவான மூலையில் தூளைத் தேய்த்து, வெள்ளைத் துணியில் சாயம் ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேலை முடிந்த இரண்டு நாள் கழித்து, ஒரு சதுர மீட்டரில் புதுப் பை மாட்டிய வேக்குவத்தை ஓட்டிப் பையைத் திறந்தால், எவ்வளவு தூள் விரிப்பிலேயே விடப்பட்டது என்பது தெரிந்துவிடும். நடைத்தடம் ஒரு வாரத்துக்குள் மீண்டும் கறுத்தால், அடியில் எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சியுள்ளது என்று பொருள். அந்தப் பகுதிக்கு மட்டும் வெந்நீர் உறிஞ்சல் செய்து, மீதிக்குத் தூள் முறையைத் தொடரலாம். கார்பெட் டைலாக இருந்தால் மோசமான சிலவற்றைக் கழற்றி, மேசைக்கு அடியிலுள்ள டைல்களோடு இடம் மாற்றிப் பதிப்பதும் உண்டு. அதற்குத் துப்புரவு நிறுவனமே தேவைப்படாது.