மன்னார் வளைகுடாப் பாசி சேகரிப்பு மகளிரும் பயனாளர் தேவையறிதலும்

சமூக மாற்றத் திட்டம் ஒன்று யாருக்காகத் தொடங்கப்பெறுகிறதோ, அவர்தம் தேவையை முன்கூட்டியே அறிதல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதனை யாரிடம், எப்பொழுது, எவ்வினாவால் அறிவது என்பதிலேயே சிக்கல் எழுகிறது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பாசி சேகரிக்கும் மகளிரின் நிலை இதற்குத் தக்க சான்றாகும்.

ஜோனாதன் பிராட்ஷா 1972-இல் தேவையை நால்வகையாகப் பகுத்தார். வல்லுநர் வரையறுப்பது, மக்கள் தாமே உணர்வது, கோரிக்கையாக வெளிப்படுவது, பிறரோடு ஒப்பிட்டு அறியப்படுவது என்பன அவை. முதலிரண்டும் முரண்படும் இடத்தில்தான் ஆய்வாளரின் பணி தொடங்குகிறது எனலாம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாக மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துவந்த இடங்கள் இத்தீவுகளைச் சூழ்ந்தவை. கட்டுப்பாடுகள் இறுகியபோது ‘மாற்று வாழ்வாதாரம்’ என்பதே அவர்களது தேவையாகக் கொள்ளப்பட்டது. ‘எம்மாற்றுத் தொழில் வேண்டும்?’ என்று தொடங்கும் வினாநிரல், கடலை விட்டு வெளியேறுதலை முன்னரே முடிவாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மகளிர் கோரியதோ கடலுக்குச் செல்லும் உரிமையும், உழைப்பாளர் என்னும் அடையாளமும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது என அவர்களே வகுத்துக்கொண்ட நெறி, வளப் பாதுகாப்பும் அவர்தம் தேவைகளுள் ஒன்று என்பதைக் காட்டுகிறது. இதனை எந்த விருப்பத்தேர்வுப் பட்டியலும் வெளிக்கொணர இயலாது.

மாற்றாக முன்வைக்கப்பட்டவற்றுள் முதன்மையானது கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு. மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட சோதனைகளைத் தொடர்ந்து, 2000-க்குப் பின் சுயஉதவிக் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் இதனை வளர்த்தன. ஏறத்தாழ 45 நாள்களில் அறுவடை கிடைத்தது. பலருக்கு வருவாயும் கிடைத்தது. எனினும் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் இவ்வயற்பாசி பரவியமை 2008-இல் பதிவாயிற்று. 2013-ஐ ஒட்டி விளைச்சலும் பெரிதும் சரிந்தது. மிதவை, வித்துப்பாசி, கொள்முதல் ஆகிய மூன்றுக்கும் பிறரைச் சார்ந்திருக்க வேண்டிய தொழில் இது. கைவிரலில் துணி சுற்றிக்கொண்டு பெருமுதலின்றி இறங்கும் சேகரிப்புத் தொழிலுக்கு இதனை எளிய ஈடாகக் கருத இயலாது.

ஆய்வு முறையிலும் கவனம் தேவை. கடல்வற்று நாள்களில் ஊருக்குள் சென்று குடும்பத் தலைவரை வினவும் கணக்கெடுப்பு, தொழில் செய்வோரைத் தவறவிடும். பாசி வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், அவர் இருக்கும் அவையில் விலை பற்றிப் பேசமாட்டார். ஆகவே ஓத நாட்காட்டியை ஒட்டிக் களப்பணியை வகுத்தலும், பெண்களைத் தனியே சந்தித்தலும், தொழிலை உடனிருந்து நோக்கலும் வினாநிரலுக்கு முற்பட்டவை.

பாக் விரிகுடாக் கரையிலுள்ள வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவிற்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அதன் பயனாளர் பட்டியலில் வளர்ப்போர் எளிதில் இடம்பெறுவர். மன்னார் வளைகுடாவில் இயற்கைப் பாசி எடுப்போர் அப்பட்டியலில் எவ்வகையினராகக் கருதப்படுவர் என்பது, வித்துப்பாசி வழங்கல் தொடங்குவதற்கு முன்பே அம்மகளிரிடம் கேட்கப்பட வேண்டிய வினா.