இசை அதிர்கிறது, வசனம் எங்கே?

2024 நவம்பர் 14-ஆம் தேதி ‘கங்குவா’ படம் வெளியானபோது அதன் கதைக்கு இணையாகப் பேசப்பட்டது அதன் சத்தம். காது வலிக்கிறது என்று ரசிகர்கள் முறையிட்டார்கள். ஆஸ்கர் விருது பெற்ற ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டுங்கள் என்று தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். தியேட்டரில் பலர் சேர்ந்து குரல் கொடுத்ததால் நடந்த காரியம் இது. வீட்டு டிவியில் வசனம் புரியாமல் தவிப்பவர் பெரும்பாலும் தனியாள். “உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு” என்ற ஒரே சொல்லில் அவர் வாயை அடைத்துவிடுகிறோம்.

காஞ்சிபுரத்தில் இந்தத் தவிப்பு இன்னும் கூடுதல். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கூடத்தில் தறி, எதிர்ச் சுவரில் டிவி. பலகை அடிக்கும் ஓசை, ஜக்கார்டு பெட்டி ஏறி இறங்கும் ஓசை, இவற்றுக்கு நடுவே படம் ஓடுகிறது. கதாநாயகன் மெதுவாகப் பேசுவான், ஒன்றும் விளங்காது. பாட்டி ரிமோட்டை எடுத்து வால்யூமை 20-லிருந்து 40-க்கு ஏற்றுவார். அடுத்த நொடி சண்டைக் காட்சி வந்து வீடே அதிரும். “குறைச்சு வை ஆயா!” என்று உள்ளேயிருந்து பேரன் கத்துவான்.

பாட்டியின் காது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. படத்தின் ஒலி முதலில் தியேட்டருக்காகக் கலக்கப்படுகிறது. 5.1 என்னும் பல ஒலிபெருக்கி முறையில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கிக்குப் போகும். இசையும் வெடிச்சத்தமும் மற்றவற்றில் பரவும். வீட்டு டிவியில் இருப்பது இரண்டே சிறிய ஸ்பீக்கர்கள். அத்தனை ஒலியும் அந்த இரண்டுக்குள் திணிக்கப்படுகிறது. அதிலும் மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்பக்கமோ இருக்கும். அதைச் சுவர் மாடத்துக்குள் வைத்துவிட்டால் பேச்சு மாடத்துக்குள்ளேயே சுற்றும். மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலித்து மிச்சத்தையும் குழப்பும்.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர் சுருதி ஒலிகளை. பேச்சைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஓசைகள் பல அங்கேதான் இருக்கின்றன. கடை, தடை, படை மூன்றும் ஒன்றுபோலக் காதில் விழும். “கேக்குது, ஆனா புரியல” என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு அல்ல, அப்பட்டமான உண்மை. வால்யூமை ஏற்றினால் இசையும் சேர்ந்து ஏறும். வசனத்தின் தெளிவு அதே இடத்தில்தான் இருக்கும்.

செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை பல. டிவியின் சவுண்ட் மெனுவுக்குள் போய் ‘மூவி’, ‘மியூசிக்’ என்றிருப்பதை ‘கிளியர் வாய்ஸ்’, ‘ஸ்பீச்’, ‘டயலாக்’ போன்ற ஒன்றுக்கு மாற்றுங்கள். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ‘சரவுண்ட்’ இருந்தால் அணையுங்கள். பேஸைக் குறைத்து டிரபிளைச் சற்றே கூட்டுங்கள். ‘நைட் மோட்’ என்றிருந்தால் அது அதிரும் சத்தத்தை அடக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிவிடும். செட்டாப் பாக்ஸிலும் ஓடிடி செயலியிலும் ஒலியை 5.1-லிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். டிவியை மாடத்திலிருந்து முன்னால் இழுத்து வைத்து, எதிர்ச் சுவரில் கனமான திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டாலும் வித்தியாசம் தெரியும். சவுண்ட்பார் வாங்கத்தான் வேண்டும் என்றால் 2.1 வேண்டாம், நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 கேளுங்கள். பேஸ் அதிர்வைக் காட்டி விற்கப் பார்ப்பார்கள். ஒரு வசனக் காட்சியைப் போடச் சொல்லிக் கேட்டபின் பணம் கொடுங்கள். வாங்கிய பொருள் பழுதாக இருந்து கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இத்தனை செய்தும் புரியவில்லை என்றால் காதைச் சோதித்தே ஆகவேண்டும். வேலையிடச் சத்தமும் காதைக் கெடுக்கும்: தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கு நம் நாட்டில் 90 டெசிபல்தான் சத்த வரம்பு. விசைத்தறிக் கூடங்களில் இது மீறப்படுவது சாதாரணம். கைத்தறியின் ஓசை அவ்வளவு இல்லை. ஆனாலும் விசைத்தறியில் சில காலம் வேலை பார்த்தவர்கள் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுக்கலாம். சில சமயம் அடைத்துக்கொண்ட குரும்பிதான் காரணமாக இருக்கும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். சில நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பரிசோதனை இல்லாமல் ஆன்லைனில் வாங்கும் மலிவான ‘காது மிஷின்’ எல்லா ஒலியையும் ஒரேயடியாகப் பெருக்கும். மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் அது கெடுக்கக்கூடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் பேச்சு அலைவரிசையில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் அவர் ‘கேட்டல் குறைபாடு’ உடையவர். 70 டெசிபல் இழந்தவர் காது கேளாதவர். மருத்துவச் சான்று பெற்று தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ளவர்களுக்குக் காதொலிக் கருவி இலவசம்; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் எழுத்து வடிவ வசனமும் சைகை மொழியும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதன் தொடர்ச்சியாக 2019-இல் தொலைக்காட்சிகளுக்கும், 2024 மார்ச்சில் தியேட்டர் படங்களுக்கும் வழிகாட்டுதல்கள் வந்தன. ‘பதான்’ படம் ஓடிடிக்கு வருமுன் எழுத்து வசனம் சேர்க்கும்படி 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், பார்வையற்றவர்கள் உள்ளிட்ட சிலர் வழக்குப் போட்டதால்தான். தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிற தளங்கள் நிறைய. நெசவு செய்யும் பாட்டிக்கு அதனால் என்ன பயன்? வெளிநாட்டு ரசிகருக்காக எழுதப்படும் சப்டைட்டிலை, சொந்த மொழி பேசும் முதியவருக்காகத் தமிழில் எழுத முடியாதா என்ன?

இதையெல்லாம் தட்டிக் கேட்க வழியும் இருக்கிறது. விளம்பரம் வரும்போது மட்டும் சத்தம் அலறுகிறதா? விளம்பர ஒலி அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்பது 1994-ஆம் ஆண்டுக் கேபிள் டிவி விதி. ஓடிடி தளங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளை முடிந்தவரை செய்துதர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. சேனலோ ஓடிடியோ, குறைதீர் அலுவலர் பெயர் அதன் இணையதளத்தில் இருக்கும். புகார் கொடுத்தால் 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

படத்தின் பெயர், பார்த்த தேதி, “தமிழ் எழுத்து வசனம் இல்லை” என்ற ஒரு வரி போதும். எழுதத் தெரியாத பெரியவர்களுக்காக வீட்டுப் பிள்ளைகளே, இன்றைக்கே அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள்.